அவையும் பணப்பையும் – 6: ஆற்காட்டுக் கடனும் எட்டு வாக்குகளும்

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்தில், தேம்ஸ் இன்னும் சிற்றாறாக ஓடும் பகுதியில், கிரிக்லேடு என்றொரு சின்ன ஊர் உண்டு. 1780 பொதுத்தேர்தலில் அந்த ஊர் லண்டன் நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது. ஒருவர் பால் பென்ஃபீல்டு. மற்றவர் ஜான் மெக்பெர்சன். இருவருடைய செல்வாக்கும் பிறந்த இடம் சென்னை. ஆற்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவின் கஜானாவோடு பிணைந்தவர்கள் இருவரும். ஒருவர் நவாபுக்குக் கடன் கொடுத்தவர். மற்றவர் நவாபின் ஆளாக லண்டனில் நடமாடியவர்.

சென்ற வாரம் சபாநாயகர் ஜான் டிரெவரின் கதையைப் பார்த்தோம். ஒரு மசோதாவை நிறைவேற்றிக் கொடுத்ததற்காக லண்டன் நகராட்சியிடம் 1,000 கினி வாங்கிப் பதவியையும் இடத்தையும் இழந்தவர் அவர். அதையொட்டி 1695 மே 2-ஆம் தேதி காமன்ஸ் சபை ஒரு தீர்மானம் போட்டது. அவையில் ஒரு காரியத்தை முடித்துத் தரச் சொல்லி உறுப்பினருக்குப் பணம் தருவது பெருங்குற்றம் என்றது அந்தத் தீர்மானம். அதன்படி பணம் தருபவர் ஒருவர், வாங்குபவர் இன்னொருவர். ஆனால் உறுப்பினரே கடன் கொடுத்தவராக இருந்து, அந்தக் கடன் வசூலாகுமா ஆகாதா என்பதையே அவை முடிவு செய்ய வேண்டியிருந்தால்? அவருக்கு யாரும் பணம் நீட்ட வேண்டியதில்லை. அவர் தன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாலே போதும். அப்படிப்பட்ட ஆளை 1695-ஆம் ஆண்டுத் தீர்மானம் எண்ணிப் பார்க்கவில்லை. பென்ஃபீல்டு நுழைந்த இடைவெளி அதுதான்.

பென்ஃபீல்டு 1764-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கட்டடப் பொறியாளராகச் சென்னைக்கு வந்தார். கோட்டைச் சுவர் வேலைகளைக் குத்தகை எடுத்தார். சேப்பாக்கத்தில் நவாபின் அரண்மனையைக் கட்டியவரும் அவரே என்பார்கள். கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் இன்றும் பார்க்கும் அந்தச் செங்கல் மாளிகைக்குள் நவாபு குடியேறியபோது, ஆற்காட்டு ராஜ்யத்தின் கணக்குவழக்கும் கோட்டைக்குக் கூப்பிடு தூரத்துக்கு வந்து சேர்ந்தது. கம்பெனி ஊழியர்கள் பகலில் கோட்டையில் கம்பெனிக்கு வேலை பார்த்தார்கள். மாலையில் சேப்பாக்கம் போய் நவாபுக்குக் கடன் கொடுத்தார்கள்.

அந்தக் கடனின் வழிமுறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நவாபின் பெயரில் கம்பெனி படை போர் செய்தது. செலவுக்கணக்கை நவாபிடம் நீட்டியது. கட்டப் பணமில்லாத நவாபு, அதே கம்பெனியின் ஊழியர்களிடம் தனிப்பட்ட முறையில் கடன் வாங்கிக் கம்பெனிக்குக் கட்டினார். ஆரம்பத்தில் வட்டி ஆண்டுக்கு 36 விழுக்காடு வரை போனது. ஈடாக அவர் கொடுத்தது நகையோ நிலமோ அல்ல, வரி வசூலிக்கும் உரிமை. இன்ன சீமையின் இன்ன வருஷத்து வசூல் இன்னாருக்கு என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டை வைத்திருப்பவரின் ஆட்கள் அறுவடைக்கு முன்பே ஊருக்குள் வந்துவிடுவார்கள். அடுத்த ஆண்டு அந்த ஊர் எப்படிப் பிழைக்கும், ஏரிக்கரையை யார் பார்ப்பார்கள் என்ற கவலை அவர்களுக்குக் கிடையாது. தங்கள் தவணை வந்தால் போதும். நவாபு எத்தனை கடன்பத்திரம் எழுதினாலும் கடைசியில் கட்டியது களத்துமேட்டில் நின்ற குடியானவன்.

1773-இல் கம்பெனி படையின் துணையோடு நவாபு தஞ்சாவூரைப் பிடித்தார். மராட்டிய அரசர் துளஜாஜி சிறைப்பட்டார். லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களுக்கு இது பிடிக்கவில்லை. துளஜாஜியிடம் தஞ்சாவூரைத் திருப்பிக் கொடுக்கும்படி பிகட் பிரபுவைக் கவர்னராக அனுப்பினார்கள். 1776 ஏப்ரலில் பிகட் அப்படியே செய்தார். உடனே பென்ஃபீல்டு ஒரு கணக்கோடு வந்து நின்றார். தஞ்சாவூர் வருமானத்தின்மேல் நவாபு தனக்கு எழுதிக் கொடுத்த சீட்டுகள் 1,62,000 பவுன், தஞ்சாவூர்க்காரர்கள் தனித்தனியே தனக்குத் தர வேண்டியது 72,000 பவுன், ஆக 2,34,000 பவுன் என்றார். வயலில் நின்ற பயிரையும் அந்தக் கணக்கில் சேர்த்திருந்தார். ஆண்டுக்குச் சில நூறு பவுன் சம்பளம் வாங்கிய ஊழியர் கேட்ட தொகை இது.

ஆதாரம் எங்கே என்று கவர்னரின் கவுன்சில் கேட்டது. போதிய ஆதாரம் வரவில்லை. முதலில் கவுன்சில் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. சில நாட்களில் பெரும்பான்மை மாறிப்போனது. கவுன்சில் உறுப்பினர்களிலேயே பலர் நவாபுக்குக் கடன் கொடுத்தவர்கள்; பென்ஃபீல்டின் சீட்டு செல்லாது என்றால் தங்கள் சீட்டும் நாளை செல்லாமல் போகலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். தன் பணம் மாட்டிக்கொண்ட விவகாரத்தில் தானே தீர்ப்புச் சொல்லும் வழக்கம் லண்டனுக்கு முன்பே ஜார்ஜ் கோட்டையில் இப்படி வேர்பிடித்திருந்தது.

பிகட் விட்டுக்கொடுக்கவில்லை. 1776 ஆகஸ்ட் 24 அன்று தன்னோடு உணவருந்திய கர்னல் ஸ்டூவர்ட்டோடு வண்டியில் தோட்டத்து மாளிகைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, கவுன்சில் பெரும்பான்மையின் ஏற்பாட்டில் தீவுத்திடலில் வண்டி நிறுத்தப்பட்டு, கவர்னர் கைதானார். பரங்கிமலையில் காவலில் வைக்கப்பட்டார். 1777 மே 11-ஆம் தேதி, காவல் முடியும் முன்பே இறந்தார். பிகட்டும் அப்போது காமன்ஸ் சபை உறுப்பினர்தான். அவரைக் கவிழ்த்த கோஷ்டிக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் ஊர் திரும்பியதும் 1778-இல் அவரும் ஓர் உறுப்பினராகிவிட்டார். பிகட்டைச் சிறைவைத்ததற்காக ஸ்ட்ராட்டன் உட்பட நான்கு கவுன்சில் உறுப்பினர்கள்மீது லண்டனில் வழக்கு நடந்து, குற்றம் உறுதியானது. தண்டனை ஆளுக்கு 1,000 பவுன் அபராதம். சென்னையில் அவர்கள் சேர்த்த சொத்தோடு ஒப்பிட்டால் அது தண்டனையே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

இந்தச் சம்பவத்தால் திருப்பி அழைக்கப்பட்ட பென்ஃபீல்டு லண்டனில் ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டார். தன் பணம் சென்னையில் இருந்தாலும் அதன் தலையெழுத்தை எழுதும் இடம் வெஸ்ட்மின்ஸ்டர். ஆகவே அங்கே இடம் வாங்கினார். கிரிக்லேடில் வாக்குக்குப் பணம் புரண்டது ஊரறிந்த சேதி. மெக்பெர்சனின் தேர்தல் லஞ்சத்தின் காரணமாக 1782-இல் செல்லாதது ஆனது. அதே ஆண்டு கிரிக்லேடின் வாக்குரிமையைச் சுற்றுப்புற ஊர்களுக்கும் விரித்துத் தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது. பென்ஃபீல்டின் இடம் தப்பியது. அவரோ கம்பெனியைச் சரிக்கட்டி மறுபடியும் சென்னைக்குக் கப்பலேறிவிட்டார். கிரிக்லேடு மக்களின் பிரதிநிதி சென்னையில் நவாபிடம் வசூல் செய்துகொண்டிருந்தார்.

அவர் தனியாள் அல்ல. ஜான் மெக்பெர்சன் ஒரு கப்பலின் கணக்கராகச் சென்னைக்கு வந்து நவாபைப் பிடித்து, அவருடைய ரகசியத் தூதராக அன்றைய பிரதமர் கிராஃப்டன் பிரபு வரைக்கும் போனவர். பிரதமருக்கு அன்பளிப்புத் தர முயன்றதையும் அவர் மறுத்துவிட்டதையும் நவாபுக்குத் தந்த அறிக்கையில் தானே எழுதிவைத்தார். அதற்காகப் பிகட் அவரைக் கம்பெனி வேலையிலிருந்து நீக்கினார். கம்பெனியோ 1781-இல் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டு கல்கத்தாவின் மேலான கவுன்சிலில் அமர்த்தியது. ஓசியன் கவிதைகளால் ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கிய ஜேம்ஸ் மெக்பெர்சன் நவாபின் லண்டன் முகவர். 1780 முதல் கேமல்ஃபோர்டு தொகுதியின் உறுப்பினர். ரிச்சர்ட் அட்கின்சன் பென்ஃபீல்டின் லண்டன் காரியதரிசி, கம்பெனியின் இயக்குநர், 1784-இல் நியூ ராம்னி தொகுதியின் உறுப்பினர். பென்ஃபீல்டின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள் 1784-க்கு முந்தைய அவையில் அவரையும் சேர்த்து எட்டுப் பேர் என்று காமன்ஸ் சபை உறுப்பினர் எட்மண்ட் பர்க் கணக்குச் சொன்னார். அந்தக் கூட்டத்துக்கு ஆற்காட்டு அணி என்றே பெயர் விழுந்தது.

1784 ஆகஸ்டில் பிரதமர் வில்லியம் பிட் கொண்டுவந்த இந்தியச் சட்டம் நிறைவேறியது. நவாபின் கடன்கள் எப்படி முளைத்தன, எவை நியாயமானவை என்று கம்பெனி இயக்குநர்கள் விசாரிக்க வேண்டும் என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. கடன்கள் மூன்று வகை. 1767-இல் ஒன்றாகத் திரட்டிய கடன் சுமார் 8,80,000 பவுன். 1777-இல் நவாபின் குதிரைப்படையைக் கலைக்கச் சம்பளபாக்கி கொடுப்பதாகச் சொல்லி எழுதிய கடன் சுமார் 1,60,000. அதே 1777-இல் திரட்டிய மூன்றாவது கடன் சுமார் 24,00,000. மூன்றாவதுதான் மர்மம். சுதேச மன்னர்களுக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்று கம்பெனி தடை போட்டிருந்த காலத்தில், லண்டனுக்குச் சொல்லாமல் வளர்ந்த கடன் அது. பென்ஃபீல்டின் பணம் முக்கியமாக அதில் இருந்தது.

சட்டப்படி விசாரிக்கச் சொல்லி இயக்குநர்கள் சென்னைக்குக் கடிதம் எழுதினார்கள். புதிதாக ஏற்பட்ட கட்டுப்பாட்டு வாரியம் அந்தக் கடிதத்தை மாற்றி எழுதியது. வாரியத்தில் சகல அதிகாரமும் ஹென்றி டண்டாஸ் கையில். 1784 அக்டோபரில் போன உத்தரவு இதுதான்: விசாரணை வேண்டாம், மூன்று கடனும் செல்லும், கர்நாடகம் எனப்பட்ட ஆற்காட்டு ராஜ்யத்தின் வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 12 லட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுன், கடன்காரர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். டண்டாஸ் தரப்பிலும் ஒரு வாதம் இருந்தது. விசாரணை முடிவில்லாமல் இழுக்கும். நவாபே ஒப்புக்கொண்ட கடன். ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்ல வழி விட்டிருக்கிறோம் என்றார்கள். 1767-ஆம் ஆண்டுக் கடனுக்கு அது பொருந்தவும் செய்யும். கம்பெனியே முன்பு ஏற்றுக்கொண்ட கடன் அது. மூன்றாவது கடனுக்கு அந்த வாதம் நிற்காது. கடன்காரரின் தயவில் அரண்மனை நடத்திய நவாபு எதை மறுத்திருப்பார்?

எதிர்க்கட்சியின் ஃபாக்ஸ் 1785 பிப்ரவரி 28 அன்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அந்த உத்தரவு சம்பந்தப்பட்ட காகிதங்களை அவையின் மேசையில் வையுங்கள் என்று கேட்டார். அவ்வளவுதான். யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை, கடனைத் தள்ளச் சொல்லவில்லை. அதை ஆதரித்துத்தான் பர்க் தன் புகழ்பெற்ற நீண்ட உரையை ஆற்றினார்.

அந்த உரையில் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும் பகுதி ஏரிகளைப் பற்றியது. ஹைதர் அலி 1780-இல் கர்நாடகத்துக்குள் இறங்கியதும், ஊர்கள் எரிந்து பஞ்சம் பரவியதும் அவையில் பலரும் அறிந்தவை. பர்க் அதற்கும் அடியில் போனார். இந்த மண்ணில் மழை சில மாதங்களே. மீதிக் காலத்துக்கு நீரைத் தேக்கிவைப்பவை முன்னோர் வெட்டிய ஏரிகள். ஆண்டுதோறும் செலவு செய்து கரையைக் காக்காவிட்டால் வயலும் இல்லை, வரியும் இல்லை என்று விளக்கினார். செங்கல்பட்டு ஜாகீருக்குப் பர்னார்டு என்பவர் தயாரித்த நிலப்படத்தை வைத்துக்கொண்டு அதிலிருந்த ஏரிகளை எண்ணினார். அந்த ஒரு படத்திலேயே 1,100-க்கு மேல். கர்நாடகத்திலும் தஞ்சாவூரிலும் சேர்த்துப் பெரியதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாது என்று கணித்தார். தமிழ்நாட்டை ஒருமுறையும் கண்டிராத ஒருவர், வெஸ்ட்மின்ஸ்டரில் நின்று, கடன்காரர்களுக்குப் போகும் ஒவ்வொரு வராகனும் ஏரிக்கரைக்குப் போக வேண்டியது என்று வாதாடினார். நம் குடியானவர்களுக்கு அந்த அவையில் வாக்கு இல்லை. அவர்கள் உழைப்பின்மேல் சீட்டு வைத்திருந்தவர்களுக்கு இருந்தது.

பர்க்கைப் பற்றியும் முழுக்கச் சொல்லிவிட வேண்டும். அவருடைய நெருங்கிய உறவினரும் ஒரே வீட்டில் வாழ்ந்தவருமான வில்லியம் பர்க், தஞ்சாவூர் அரசரின் லண்டன் முகவராக இருந்தவர். இரு பர்க்குகளின் பணமும் ஒன்றாகவே புழங்கியது; கம்பெனிப் பங்குகளில் சூதாடி 1769 வீழ்ச்சியில் வில்லியம் பெரும் பணத்தை இழந்திருந்தார். ஆற்காட்டு நவாபுக்கு எதிராக எட்மண்ட் பேசிய ஒவ்வொரு சொல்லும் வில்லியமுடைய கட்சிக்காரருக்குச் சாதகம். எதிரிகள் இதைக் குத்திக்காட்டத் தவறவில்லை. பர்க் பணத்துக்காகப் பேசினார் என்று நான் நம்பவில்லை. இந்தியாவுக்காக அவர் செலவிட்ட ஆண்டுகளும் அதனால் இழந்த நட்புகளும் வேறு கதை சொல்கின்றன. ஆனாலும் நாட்டின் மிக உயர்ந்த மனசாட்சிக்குரல் என்று பேர்பெற்றவரிடமும் ஓர் உறவும் ஒரு வரும்படியும் ஒட்டிக்கொண்டிருந்தன. யாருக்கு எதில் என்ன பங்கு என்று எழுதிவைக்க அன்று அவையில் ஓர் ஏடு கிடையாது. இருந்திருந்தால் பென்ஃபீல்டின் பெயருக்குக் கீழே வில்லியமின் உத்தியோகமும் பதிவாகியிருக்கும். பர்க்கின் வாதம் அதனால் வலுவிழந்திருக்காது என்பது என் எண்ணம்.

பிட் பதில் பேசவில்லை. அரசு தரப்பு வாக்கெடுப்புக்கே போனது. காகிதங்களை வைக்கச் சொல்லி 69 பேர். வேண்டாமென்று 164 பேர்.

அந்த 164 பேரில் நவாபின் பத்திரத்தைப் பெட்டியில் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? நண்பர் பெயரிலோ துபாஷ் பெயரிலோ பங்கு வைத்திருந்தவர்கள் யார்? வெளிவர வேண்டிய காகிதங்களைத்தான் அவர்கள் வெளிவராமல் தடுத்தார்கள். எட்டு வாக்குகளுக்குக் கைம்மாறாகவே டண்டாஸ் இந்த உத்தரவைக் கொடுத்தார் என்று பர்க் நேரடியாகக் குற்றம் சாட்டினார். அதை நிரூபிக்கவும் முடியவில்லை, இல்லையென்று காட்டவும் முடியவில்லை. விசாரணை நடக்காத இடத்தில் குற்றவாளியோடு நிரபராதியும் ஒரே சந்தேகத்தின் கீழ் நிற்க நேர்கிறது. பர்க் சலிக்காமல் அந்த ஆண்டே உரையை ஆதாரங்களோடு அச்சிட்டார்.

தவணைகள் போய்க்கொண்டே இருந்தன. 1792 ஒப்பந்தத்தின்படி பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை நவாபிடமிருந்து கம்பெனிக்கு மாறியது. பாஞ்சாலங்குறிச்சிக்கும் கலெக்டருக்கும் மூண்ட பகைக்குப் பின்னால் அந்த ஒப்பந்தம் இருக்கிறது. 1795-இல் முகமது அலி கடனோடே இறந்தார். 1801-இல் கர்நாடகம் முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1784 உத்தரவின்படியான பழைய கடன் 1804 வாக்கில் தீர்ந்தது.

தீர்ந்ததும் புதுக் கடன்காரர்கள் கிளம்பினார்கள். 1784-க்குப் பிறகும் நவாபு எங்களுக்குத் தர வேண்டியிருக்கிறது என்று கோரிக்கைகள் குவிந்தன. இம்முறை விசாரிக்க ஆணையர்கள் நியமிக்கப்பட்டார்கள். 1785-இல் அவை மறுத்த அதே வேலையை அவர்கள் பத்திரம் பத்திரமாகச் செய்தார்கள். 1814 நவம்பர் முடிய அவர்கள் தீர்த்த கோரிக்கைகளின் மொத்தம் 2,03,90,570 பவுன். அதில் உண்மையான கடன் என்று ஏற்றது 13,46,796 பவுன். ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்குதான் தேறியது. இந்த எண்களை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் மில் தன் இந்திய வரலாற்றில் எழுதிவைத்தார். இந்த விகிதத்தை அப்படியே பழைய கடனுக்கும் பொருத்துவது சரியாகாது. ஆனால் அந்தக் கடனும் ஒருமுறை சல்லடையில் சலிக்கப்பட்டிருந்தால் திருநெல்வேலியிலும் நெல்லூரிலும் எவ்வளவு நெல் களத்திலேயே தங்கியிருக்கும் என்று யோசிக்காமல் அந்த எண்களைக் கடக்க என்னால் முடிவதில்லை.

பென்ஃபீல்டு மறுபடியும் நாடாளுமன்றம் போனார். மாம்ஸ்பரி தொகுதி, பிறகு ஷாஃப்ட்ஸ்பரி. 1793-இல் வால்டர் பாய்டோடு சேர்ந்து வங்கி தொடங்கி, அரசாங்கத்துக்கே கடன் ஏற்பாடு செய்யும் நிலைக்கு உயர்ந்தார். 1800-இல் அந்த வங்கி முறிந்தது. 1810-இல் பாரிஸில் வறுமையில் இறந்தார். அடக்கச் செலவைச் சிலர் பங்குபோட்டுக் கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டு, 1811 ஜூலை 17-ஆம் தேதி, சபாநாயகர் சார்லஸ் அபட் ஒரு வாக்கெடுப்பில் தந்த தீர்ப்பு நெறியாக நிலைபெற்றது. நேரடியான பணநலன் உள்ள உறுப்பினர் வாக்களிக்கக் கூடாது. அந்த நலன் அவருக்கே தனியாக உரியதாக இருக்க வேண்டும், குடிமக்கள் எல்லோருக்கும் பொதுவானதாகவோ அரசின் கொள்கை பற்றியதாகவோ இருந்தால் தடையில்லை என்றார் அவர். இந்த நெறி 1785-இல் இருந்திருந்தால் பென்ஃபீல்டின் ஆட்களைத் தடுத்திருக்குமா? எனக்கு ஐயம்தான். கர்நாடக வருமானத்தை எப்படிச் செலவிடுவது என்பது அரசின் கொள்கை, கடன்காரரின் சொந்த விவகாரம் அல்ல என்று டண்டாஸ் சுலபமாக வாதாடியிருப்பார். அதோடு, யாரிடம் பத்திரம் இருக்கிறது என்று தெரிந்தால்தானே யார் வாக்கை ஆட்சேபிப்பது என்று தெரியும்? வாக்கைத் தடுக்கும் விதி 1811-இல் வந்துவிட்டது. எல்லா உறுப்பினர்களும் தங்கள் வரும்படிகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயப் பதிவேட்டுக்கு காமன்ஸ் சபை 1974 வரை காத்திருந்தது.

அபட் வகுத்த எல்லை நம் மக்களவையின் நடத்தை விதிகளிலும் இருக்கிறது. 371-ஆம் விதியின்படி, சொந்த, பண அல்லது நேரடி நலன் இருக்கிறது என்று ஓர் உறுப்பினரின் வாக்கை ஆட்சேபிக்கலாம். அந்த நலன் பொதுமக்களோடு பகிர்ந்ததாக இல்லாமல் அவருக்கே உரியதாக இருக்க வேண்டும் என்று விளக்கமும் உண்டு. மாநிலங்களவையில் உறுப்பினர்களின் நலன்களுக்கு ஒரு பதிவேடும் இருக்கிறது. இயக்குநர் பதவி, சம்பளம் வரும் வேலை, கட்டுப்படுத்தும் அளவுக்குப் பங்கு, கட்டண ஆலோசனை, தொழில்முறை ஈடுபாடு ஆகிய ஐந்தையும் அதில் எழுத வேண்டும்.

குடியரசின் முதல் சோதனை அந்த விதிகளெல்லாம் பழக்கத்துக்கு வருமுன்பே வந்துவிட்டது. 1951-இல், தற்காலிக நாடாளுமன்றத்தின் உறுப்பினர் எச்.ஜி. முட்கல், பம்பாய்த் தங்கம் வெள்ளி வணிகர்களின் சங்கத்தோடு வைத்துக்கொண்ட தொடர்பை விசாரிக்கப் பிரதமர் நேருவே அவையில் தீர்மானம் கொண்டுவந்தார். விசாரணைக் குழுவின் தலைவராக அமர்ந்தவர் சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அந்த விசாரணை அடுத்த இதழில்.

(தொடரும்)